ஃபாரம் கில்பர்ட் செய்த ஒரே தப்பு

லிங்கராஜபுரத்தில் வந்து கில்பர்ட் வீடு எது என்று கேட்டால், எந்த கில்பர்ட் என்று திருப்பிக் கேட்பார்கள். கறிக்கடை கில்பர்ட் ஒருவர் இருக்கிறார். பாட்டு மாஸ்டர் கில்பர்ட் ஒருவர் இருந்தார், இப்போது மகனோடு ஓசூரில். மூன்றாவது ஆள்தான் நம்முடைய ஆள், ஃபாரம் கில்பர்ட். இந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கூடிப்பேசிக் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்தபோது அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டுமா, ஆதாரில் பிறந்த தேதி தப்பாக விழுந்திருக்கிறதா, பாஸ்போர்ட்டா, முதியோர் பென்ஷனா, கான்வென்ட் அட்மிஷனா, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே அவர் வீட்டுப் படிக்கட்டுக்கு வந்துவிடுவார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் கூட்டம் குறையவில்லை. சைபர் சென்டர்க்காரனே, "கில்பர்ட் அங்கிள்கிட்ட முதல்ல பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வாங்க, நான் பாத்து அடிக்கறேன்" என்று அனுப்பிவைப்பான். கில்பர்ட் இதற்கெல்லாம் காசு வாங்க மாட்டார். பாராட்டை மட்டும் ஒரு சொல் மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொள்வார்.

அவருக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. கறுப்புப் பேனாதான். பெரிய எழுத்துதான். ஒரு கட்டத்தைக் கூடக் காலியாக விடக்கூடாது. காலியாக விட்ட கட்டத்தில்தான் ஆபீஸ்காரன் விரலை வைப்பான் என்பது அவர் கட்சி. ஃபாரத்தின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கும் விதிகளை மனித குலத்தில் யாரும் படிப்பதில்லை, கில்பர்ட் படிப்பார், அதுவும் இரண்டு தடவை. எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து நீலக் கோப்பில் வைத்துக்கொள்வார். "இருபத்திரண்டு வருஷத்துல நான் எழுதின ஃபாரம் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, திரும்பி வந்துதா? கேட்டுப் பாரு" என்பார். கேட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லாததால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிழைப்பும் அதற்கேற்ற பிழைப்புதான். பீன்யாவில் வால்வு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மற்றவர்கள் கடைந்து அனுப்பியதை அளந்து பார்த்து, சரியானதற்குப் பச்சைச் சீட்டும் தப்பானதற்குச் சிவப்புச் சீட்டும் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கிற மனிதருக்குத் தன் தப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுத்தது அவருடைய மகள் கேரலின் ஃபாரம்.

கேரலுக்குப் பதினாறு வயது. வயலின் வாசிக்கிறாள். சுமாராக அல்ல, நன்றாகவே வாசிக்கிறாள். கோயில் பாடகர் குழுவின் வயலின்தான் அவள் கையில் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்குப் பக்கத்தில், மற்ற நாளில் வீட்டில். அடுத்த வருஷம் அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சாமியார் முன்பே சொல்லியிருந்தார். காக்ஸ் டவுனில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சரும், இனி பெரிய இசைப் பள்ளியில் சேர்ந்தால்தான் மேலே போகலாம் என்று கைவிரித்துவிட்டாள். அங்கே சேர்வது இன்ஸ்பெக்‌ஷன் சம்பளத்துக்குள் அடங்குகிற காரியம் இல்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது. ஆண்டுதோறும் பாட்டு, வாத்தியம், ஓவியம் என்று கலையில் தேறிய பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து மூன்று பேருக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். இரண்டு வருஷம் நல்ல பள்ளியில் படிப்பு, வாத்தியக்காரப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வாத்தியம். பதினேழு வயது நிறைவதற்குள் போட்டிக்கு வர வேண்டும் என்பது விதி. கேரலுக்கு அடுத்த மாதம் பதினேழு நிறைகிறது. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

அவள் செல்போனில் பதிந்து அனுப்பியது முதல் சுற்றில் தேறிவிட்டது. இறுதிச் சுற்றுக்கான ஃபாரம் தபாலில் வந்தது. ஆம், தபாலில். டிரஸ்டின் செயலாளர் பழைய சர்க்கார் அதிகாரியாம், பேனாவால் எழுதியதைத்தான் நம்புவாராம். இதைக் கேட்டதும் கில்பர்ட்டுக்கு அந்த முன்பின் தெரியாத மனிதர் மேல் பிரியமே வந்துவிட்டது.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய நாளிதழ் ஒன்றை விரித்து, ஃபாரத்தை அதன் மேல் வைத்து உட்கார்ந்தார். மனைவி மௌரீன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிங்க" என்றாள். அவள் கிண்டல் செய்கிறாளா என்று அவருக்கு இருபது வருஷமாகவே சரியாகத் தெரிந்ததில்லை.

முதல் கட்டம் பெயர். குடும்பப் பெயரை முழுதாகவும் சொந்தப் பெயருக்கு முதல் எழுத்தை மட்டும் எழுதவும் என்று போட்டிருந்தது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர்தான். கில்பர்ட் சி. என்று எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தால் மனசுக்கு ஒப்பவில்லை. போட்டிக்குப் போகிறவள் பிள்ளை, பெயர் மட்டும் அப்பனுடையது. அவள் பெயர் எங்காவது முழுசாக வந்தால் நன்றாயிருக்குமே என்று அடுத்த கட்டங்களைத் தேடினார். இரண்டாவது வாத்தியம். மூன்றாவது டைட்டில்.

"டாடி, நான் வாசிக்கப்போற பீஸோட பேரு எங்க எழுதறது?" என்று கேட்டாள் கேரல்.

"அதுக்குக் கட்டமே குடுக்கலியே கண்ணு. ஸ்டேஜ்ல கேப்பாங்க."

"டைட்டில்னு இருக்கே, அது இல்லையா?"

கில்பர்ட் சிரித்தார். "டைட்டில்னா மிஸ்டர், மிஸஸ், குமாரின்னு போடறது. பாஸ்போர்ட்லேர்ந்து பேங்க் வரைக்கும் அதான். எத்தன ஃபாரம் பாத்திருக்கேன் நானு."

இருபத்திரண்டு வருஷத்தோடு யார் வாதாடுவது? கேரல் சும்மா இருந்துவிட்டாள். கில்பர்ட் மூன்றாவது கட்டத்தில், குமாரிக்கு எல்லா ஃபாரத்திலும் போடுகிற சுருக்கத்தை, கே, யூ, எம், புள்ளி என்று கறுப்புப் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினார். பக்கத்தில் பிள்ளையின் பெயரை ஆசை தீர முழுசாக எழுதினார். கும். கேரல். கட்டம் நிறைந்தது, அவர் மனசும் நிறைந்தது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கலந்துகொள்கிறவர்கள் பட்டியல் கேரலின் போனுக்கு வந்தது. கில்பர்ட் அப்போதுதான் பீன்யாவிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"டாடி," என்றாள் கேரல். குரல் ஒரு மாதிரி இருந்தது. "'கம், கேரல்'னா என்ன டாடி?"

போனை வாங்கிப் பார்த்தார். ஏழாவது வரி. பெயர், கில்பர்ட் சி. வாத்தியம், வயலின். வாசிக்கவிருக்கும் இசையின் தலைப்பு, 'கம், கேரல்'.

பட்டியலுக்கு அடியில் கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. பட்டியலில் உள்ள தலைப்பைத் தவிர வேறு எதை வாசித்தாலும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள்.

யாரோ ஒருவர் அந்த ஃபாரத்தைப் பார்த்திருக்கிறார். கிறிஸ்தவப் பெயர், வயலின், கேரல் என்று வேறு இருக்கிறது, ஆக இது ஏதோ கிறிஸ்துமஸ் பாட்டு. கும் என்று எழுதியிருக்கிறார்கள் பாவம், வா என்பதற்கு இங்கிலீஷில் ஸ்பெல்லிங் தெரியவில்லை. நல்ல மனசோடு அதைத் திருத்தியும் போட்டுவிட்டார். ஜூலை மாதத்தில், உலகத்திலேயே இல்லாத ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை, ஐந்து நாளில் கேரல் மேடையேறி வாசிக்க வேண்டும்.

"ஆறு மாசமா அந்த ஒரு பீஸத்தான் டாடி பிராக்டிஸ் பண்ணேன்," என்றாள் கேரல். "நான் கேட்டேன். டைட்டில்னா அது இல்லையான்னு கேட்டேன்."

கில்பர்ட் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் அழவில்லை. வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள், மாடிக்குப் போனாள். அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை. ஒற்றைக் காலில் ஷூவோடு கில்பர்ட் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நீலக் கோப்போடு மல்லேஸ்வரத்துக்குப் போனார். டிரஸ்ட் ஆபீசில் சஹானா என்று ஒரு பெண் இருந்தாள். பட்டியல் தயாரித்தவள் அவள்தான். "ஹேளி சார்," சொல்லுங்கள் என்று மரியாதையாக உட்காரவைத்தாள். விஷயத்தைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டு, ஃபாரத்தை எடுத்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சர்ச் பாட்டு, ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு நெனச்சேன் சார். நானே கரெக்ட் பண்ணேன்" என்று அவள் சொன்னபோது, ஸ்பெல்லிங்கில் ஒருநாளும் தப்பாத கில்பர்ட்டுக்கு அது தனியாக வலித்தது. ஆனால் அவளைக் கோபிக்க முடியவில்லை. அவர் இடத்தில் அவளும், அவள் இடத்தில் அவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

செயலாளர் வெங்கடராமன் உள்ளே இருந்தார். தலைமைச் செயலகமான விதான சௌதாவில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவர். பத்து நிமிஷம் இருவரும் கன்னடத்திலேயே பேசினார்கள். ஃபாரத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்த வெங்கடராமன், "ராமா, இதென்ன கூத்து" என்று வாய்க்குள் முனகினார்.

"சார் தமிழா?" என்றார் கில்பர்ட்.

"அட, நீங்களும் தமிழா! இத்தன நேரம் சொல்லப்படாதோ? உட்காருங்கோ, உட்காருங்கோ." காபி வந்தது. எந்த ஊர், எத்தனை தலைமுறையாக இங்கே என்றெல்லாம் விசாரித்தார். ஆனால் விஷயத்துக்கு வந்ததும் கை விரித்துவிட்டார். "போன வருஷம் ஒரு பிள்ளை கடைசி நாள்ல பாட்டை மாத்தினான். மத்த பேரன்ட்ஸ்லாம் சண்டைக்கு வந்துட்டா. அதுலேர்ந்துதான் இந்த ரூல். ஃபாரத்துல என்ன இருக்கோ அதான் மிஸ்டர் கில்பர்ட். நான் ஒருத்தருக்கு வளைஞ்சா எல்லாருக்கும் வளையணும்."

"தப்பு என்னுது சார். பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. கரெக்டாதான் கேட்டா, நான்தான் கேக்கல."

"தெரியறது. கையெழுத்து மட்டும் ரொம்ப நன்னா இருக்கு. இத்தன வருஷத்துல இப்படி ஒரு ஃபாரம் நான் பாத்ததில்ல."

வேறு எந்த நாளாக இருந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தை ஆறு மாதம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார். இன்றைக்கு அது நெஞ்சில் குத்தியது. கொடுமை என்னவென்றால் வெங்கடராமன் மேல் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த நாற்காலியில் அவரே இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார், இன்னும் கொஞ்சம் கறாராக.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் படிக்கட்டில் சின்னத்தாயி உட்கார்ந்திருந்தாள். நாலு வீட்டில் வேலை செய்கிறவள், கையில் விதவைப் பென்ஷன் ஃபாரம். "அண்ணா, நாளைக்குக் கடைசி தேதி" என்றாள்.

"வேற யார்கிட்டயாவது குடுத்து எழுதிக்கோம்மா," என்றார் கில்பர்ட். "என் கை சரியில்ல."

கதவருகில் நின்ற மௌரீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாண நாளில்கூட, மோதிரம் மாற்றுவதற்கு முன்னால், மாமனுக்கு ஒரு எல்.ஐ.சி. ஃபாரம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த மனிதர். அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு, சின்னத்தாயியைக் காலையில் வரச் சொன்னாள்.

மணி ஆறரை. கேரல் இரண்டாம் நாளாக மௌன விரதத்தில் மொட்டைமாடியில் இருந்தாள். மௌரீன் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு, எப்போதும்போல் வாசலுக்கு வந்து, எப்போதும்போல் அண்ணாந்து கூப்பிட்டாள்.

மௌரீன் கூப்பிடுவதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தொடக்கப் பள்ளி டீச்சர். அறுபது பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்கிப் பழகிய தொண்டை. "கேஏஏ..." என்று மேலே பிடித்து, "ரல்" என்று ஒரு படி கீழே இறக்கி, ஒரு மூச்சு விட்டு, "வாஆம்மா" என்று மறுபடி மேலே ஏற்றி நிறுத்துவாள். பதினாறு வருஷமாகத் தினம் இந்த ஒரே மெட்டுதான். எதிர்வீட்டு ஓஸ்வால்ட் இதைக் கேட்டுத்தான் டீவியில் செய்தி போடுவார். கேரல், "வந்துட்டேன் மம்மி!" என்று படபடவென்று இறங்கி வருவாள்.

அன்றைக்கு இறங்கி வரவில்லை. பதில் பேசுவதில்லை என்று வைராக்கியம். ஆனால் பதில் சொல்லாமலும் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. மாடியிலிருந்து வயலின் கேட்டது. மேலே பிடித்து, ஒரு படி இறங்கி, மூச்சு விட்டு, மறுபடி ஏறி நின்றது. அம்மா கூப்பிட்டதை அப்படியே, அச்சு அசலாக, வேண்டுமென்றே திருப்பி வாசித்திருந்தாள்.

"கொழுப்பப் பாரு," என்றாள் மௌரீன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். வயலினும் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டது. மௌரீனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் ஞானஸ்நானப் பெயர் முழுதும் வரும். "கேரல் ஆஞ்சலா!" டக்டக்கென்று சுத்தியலால் அடிக்கிற மாதிரி. வயலினும் வில்லால் டக்டக்கென்று அடித்துக் காட்டியது. எதிர்வீட்டில் ஓஸ்வால்ட் கை தட்டினார்.

உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கில்பர்ட் தலையைத் தூக்கினார். கேரல், வா. வா, கேரல். இதை இங்கிலீஷில் எழுதினால் என்ன வரும்?

நீலக் கோப்பை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினார். நாற்பத்தொன்பது வயதில் அப்படி ஓடக் கூடாது. மேலே போய்ச் சேர்ந்தபோது பேச்சு வரவில்லை. ஜெராக்ஸைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். விதி பதினொன்று. போட்டியாளர் தாமே உருவாக்கிய இசையையும் வாசிக்கலாம், எட்டு நிமிடத்துக்கு மிகாமல்.

"டாடி, என்ன இது?"

"'கம், கேரல்'னு பாட்டு இல்லன்னு யார் சொன்னது? பதினாறு வருஷமா உங்கம்மா தெனம் பாடறாளே! அதுவேதான் கண்ணு. நீ இப்ப வாசிச்சியே, அதான் பாட்டு."

கேரல் அவரைப் பார்த்தாள். விதியைப் பார்த்தாள். கீழே, கையில் தோசைக் கரண்டியோடு அண்ணாந்து நிற்கும் அம்மாவைப் பார்த்தாள். இரண்டு நாளாக இறுக்கி வைத்திருந்த முகம் மெல்ல அவிழ்ந்து, சிரிப்பு வந்தது. கில்பர்ட்டுக்கு அந்த நிமிஷம் அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. மூச்சுதான் ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் காலையில் சின்னத்தாயியின் ஃபாரத்தை எழுதிக்கொடுத்து முடித்த கையோடு வெங்கடராமனுக்குப் போன் செய்தார். "சார், ரூல் பதினொண்ணு."

"பதினொண்ணா? அப்படி ஒண்ணு இருக்கா என்ன?" காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இருக்கு. நான்தான் எழுதியிருக்கேன். இதை இதுவரைக்கும் ஒருத்தரும் படிச்சதில்ல சார். பேஷா வாசிக்கட்டும்!"

அடுத்த மூன்று நாளும் அந்த வீடு வீடாக இல்லை. கேரல் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவாள். முதல் சிக்கல் மௌரீன்தான். "மம்மி, ஒரு தடவ கூப்பிடு" என்று கேட்டால், தொண்டையைச் செருமி, புடவையைச் சரிசெய்து, ரேடியோவில் அறிவிப்பு சொல்கிற குரலில், "கேரல், இங்கே வா" என்றாள். சுத்தமாகக் கெட்டுப்போய்விட்டது. எத்தனை தடவை சொல்லியும் பழைய மெட்டு வரவில்லை. "வேணும்னு கூப்பிட்டா வர மாட்டேங்குதுடி" என்று அவளே அலுத்துக்கொண்டாள். கடைசியில் கேரல் சொல்லாமல்கொள்ளாமல் ஓஸ்வால்ட் வீட்டில் போய் ஒளிந்துகொண்டாள். முக்கால் மணி நேரத்தில் மௌரீன் தெருமுனை வரை கேட்கிற மாதிரி நாலு விதமாகக் கூப்பிட்டாள். நாலும் நோட்டில் ஏறின.

கில்பர்ட்டின் ஸ்கூட்டர் ஹாரனும் வேண்டும் என்றாள். வீடு திரும்பும்போது மூலையில் இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று அடிப்பார், கேட்டைத் திறக்கச் சொல்லி. அதையும் அளவு பிசகாமல் பன்னிரண்டு தடவை அடித்துக் காட்டினார். தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விஷயம் முன்பே பரவியிருந்தது. "பாட்டுல நான் எங்கடி வரேன்?" என்று மட்டும் ஓஸ்வால்ட் கேட்டார். "நீங்க கைதட்டறப்ப வருவீங்க அங்கிள்" என்றாள் கேரல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மல்லேஸ்வரம் ஹால் நிறைந்திருந்தது. ஒன்பது பிள்ளைகள். தன் ஓவியத்தைப் பற்றிப் பேசிய ரக்ஷா என்கிற பெண்ணும், மிருதங்கம் வாசித்த ஸ்ரீஹர்ஷா என்கிற பையனும் பிரமாதமாகச் செய்தார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் கில்பர்ட் நீலக் கோப்பைத் திறந்து விதி பதினொன்றை மறுபடி படித்தார். ஆறு மாதம் பழகியதை விட்டுவிட்டு மூன்று நாள் குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறாளே, எல்லாம் என்னால்தானே என்று நினைத்துக்கொண்டார். மௌரீன் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏழாவதாக, கில்பர்ட் சி., வயலின்," என்றாள் சஹானா மைக்கில். "'கம், கேரல்'. சொந்த உருவாக்கம்."

முதலில் அம்மா கூப்பிட்டாள். சாயங்காலக் குரல், அவசரமில்லாத குரல். பிறகு அந்த நாலு சுரத்தையும் எடுத்துக்கொண்டு கேரல் எங்கெங்கோ ஓடினாள், மாடிக்கு, தெருவுக்கு, விளையாட்டுக்கு. வயலின் ஓட ஓட அம்மாவும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கில்பர்ட் தன்னையறியாமல் கேட்டை யார் திறக்கிறார்கள் என்று பார்த்தார். அப்புறம் வந்தது கோபம், கேரல் ஆஞ்சலா, டக்டக்கென்று. ஹாலில் முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது, ஏனென்றால் எல்லாருக்கும் வீட்டில் ஒரு அம்மா இருந்தாள். கடைசியில் ஓட்டமெல்லாம் அடங்கி, அந்தக் கூப்பிடல் மட்டும் தனியாக, தூரத்திலிருந்து, மெதுவாக மூன்று தடவை கேட்டது. கேரல் வில்லைத் தூக்கியபடி நின்றாள். பிறகு படபடவென்று படியிறங்குகிற மாதிரி ஒரு வரி, ஒரே வரி. வந்துட்டேன் மம்மி.

மௌரீன் ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டாள். "நான் இப்பிடியாங்க கூப்பிடறேன்?" என்று கேட்டாள். கில்பர்ட் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. பின்வரிசையில் ஓஸ்வால்ட் தன் பங்கை இரண்டு கையாலும் செய்துகொண்டிருந்தார். ஓரத்து நாற்காலியில் வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

காபி இடைவேளைக்குப் பிறகு முடிவு. முதல் பெயர் ரக்ஷா. இரண்டாவது ஸ்ரீஹர்ஷா. இன்னும் ஒரு பெயர்தான் பாக்கி. மௌரீன் கில்பர்ட்டின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். சஹானா காகிதத்தைப் பார்த்துப் படித்தாள்.

"கில்பர்ட் சி."

வாழ்நாள் முழுக்க எத்தனையோ ஆபீசில், எத்தனையோ வரிசையில், தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து பழகிய மனிதர். "எஸ் மேடம்!" என்று நீலக் கோப்போடு எழுந்துவிட்டார். எழுந்ததோடு நில்லாமல் மேடையை நோக்கி நாலு எட்டும் வைத்துவிட்டார். ஹால் கொல்லென்று சிரித்தது. பாதி வழியில் நின்று, தானும் சிரிக்கத் தொடங்கினார். சஹானா காகிதத்தைக் கீழே வைத்தாள். மேடையின் ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கம், கேரல்," என்றாள்.

கேரல் வந்தாள். நேரே மேடை நடுவுக்குப் போகாமல், இறங்கி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் போனாள்.

எல்லாம் முடிந்து போட்டோ எடுத்த பிறகு சஹானா ஒரு ஃபாரத்தை நீட்டினாள். உதவித்தொகையை ஏற்றுக்கொள்வதாகப் பெற்றோர் பிள்ளையின் பெயரில் எழுதித்தர வேண்டும். கில்பர்ட் ஒரு மேசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்தில் டைட்டில் என்று இருந்தது.

பேனா காற்றில் நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் செய்யாத ஒன்றை அன்றைக்குச் செய்தார்.

"மேடம், ஒரு டவுட். இந்த டைட்டில்னா என்ன எழுதணும்?"

சஹானா குனிந்து பார்த்தாள். "அதுவா சார்? மிஸ்டர், மிஸஸ், குமாரி போடறதுதானே" என்றாள், கன்னடம் பாதி தமிழ் பாதியாக.

கில்பர்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கறுப்புப் பேனாவால், பெரிய எழுத்தில், கே, யூ, எம், புள்ளி என்று எழுதினார். பக்கத்தில் பிள்ளையின் பெயரை முழுசாக எழுதினார்.

"இத மட்டும் கரெக்ட் பண்ணிடாதீங்க மேடம்," என்றார். ஒரு நிமிஷம் யோசித்தார். "பண்ணாலும் பரவால்ல."